வாசகியின் ‘ம்’

வாசகி கைக்கு வந்த பிறகு முபீனாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் போயிற்று. அதற்கு முன்னால் மட்டும் அவள் அடங்கிக் கிடந்தாளா என்றால் அதுவும் இல்லை. பிறவியிலேயே கண் தெரியாத பெண், மேலப்பாளையத்தில் வளர்ந்து, சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தொழிலாளர் கோர்ட்டில் நின்று வாதாடுகிறாள் என்றால் சும்மாவா? ஆனாலும் ஒரு தீர்ப்பைப் படிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும், நேரம் இருந்தால் மனசு வேண்டும். இந்தத் தொங்கலையெல்லாம் வாசகி வந்து ஒரே நாளில் அறுத்துப் போட்டது.

வாசகி என்பது சட்டைப் பொத்தான் அளவு ஒரு சாமான். கழுத்தருகே குத்திக்கொண்டு எந்தக் காகிதத்தையும் எதிரே நீட்டினால் போதும். அச்சோ, கையெழுத்தோ, கரையான் தின்று மிச்சம் வைத்த புத்தகமோ, மனுஷி வாசிக்கிற மாதிரியே வாசிக்கும். நாட்டிலிருக்கிற நூலகத்தையெல்லாம் கண் தெரியாதவர்களுக்குத் திறந்துவிட்டுச் சாவியைத் தூர எறிந்த கணக்குத்தான். கல்லூரிப் பிள்ளைகள் அதை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார்கள். பார்வையுள்ளவர்கள் காதில் அது கொசு பாடுகிற மாதிரி விழும். முபீனாவும் அந்த ரகம்தான். சாயா ஆறுவதற்குள் ஒரு தீர்ப்பை முடித்துவிடுவாள்.

இன்னொன்றும் உண்டு. மிஷின் என்றே தோன்றாதபடி அது இடையிடையே மூச்சு விடும். எப்போதாவது ‘ம்’ என்று மெல்ல இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அந்த ‘ம்’ மேல் முபீனாவுக்குத் தனிப் பிரியம். “பாருங்க, அதுக்கும் தொண்ட காயுது,” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்படி இருக்கையில்தான் மாசானத்தின் வழக்கு வந்தது.

மாசானம் சாயப்பட்டறையில் நூல் கட்டுகிறவர். கொதிக்கிற சாயம் தெறித்து இரண்டு கண்ணும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவரை முதலாளி வாசலோடு நிறுத்திவிட்டார். “கண்ணு போனா என்னம்மா, நூலு கட்டுதது கையிதான?” என்று மாசானம் முபீனாவிடம் வந்து கேட்டார். நஷ்ட ஈடு பற்றியெல்லாம் அவர் பேச்சே எடுக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பிப் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

முபீனா பழைய தீர்ப்பு ஒன்றைப் பிடித்தாள். மிஷினில் கை போன தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது, வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. வாசகியிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. கோர்ட்டில் எழுந்து கணீரென்று அதைச் சொல்லி முடித்து உட்கார்ந்தபோது, ஜெயித்தாயிற்று என்றுதான் நினைத்தாள்.

எதிர்தரப்பு வக்கீல் சங்கரபாண்டியன் எழுந்தார். பழம் தின்று கொட்டை போட்ட ஆள். குரலில் அவசரமே இருக்காது.

“மேடம் நல்ல தீர்ப்பைத்தான் எடுத்திருக்காங்க. ஆனா அதுல பதினெட்டாவது பத்தியைச் சொல்லாம விட்டுட்டாங்க. இரண்டு கண்ணும் போனவங்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாதுன்னு அதுலயே இருக்கு.”

முபீனா துள்ளி எழுந்தாள். “கனம் நீதிபதி அவர்களே, தீர்ப்பு முழுசையும் நான் படிச்சிருக்கேன். அப்படி ஒரு வரி இதுல கிடையாது. இருந்தா இந்த வழக்கை விட்டே நான் விலகிக்கிறேன்.”

சொல்லியிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.

நீதிபதி அம்மாள் தன் மேஜையிலிருந்த நகலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே வாசித்தார். வாசிக்கத் தயங்கித் தயங்கித்தான் வாசித்தார். “‘இரு கண்களையும் இழந்தவனை மற்ற ஊனமுற்றோரோடு சேர்த்து எண்ண இயலாது. அவன் ஆலைக்கு மட்டுமல்ல, தனக்கே பாரம்.’ பதினெட்டாவது பத்தியில்தான் இருக்கும்மா.”

யாரோ ஒருவர் ‘த்சொ’ கொட்டினார். அந்தத் ‘த்சொ’தான் முபீனாவைச் சுட்டது. தோற்றுப்போன வக்கீலைப் பார்த்து யாரும் ‘த்சொ’ கொட்டமாட்டார்கள்.

விலகுகிறேன் என்று அவள் சொன்னதை நீதிபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கைத் தள்ளி வைத்து, “அடுத்த வாய்தாவுக்கு நல்லாத் தயாரா வாங்க,” என்றார். வெளியே வராந்தாவில் மாசானம் அவள் தோளைத் தேடித் தொட்டார்.

“வக்கீலம்மா, ஒண்ணு கேக்கேன். நான் பாரமா?”

“இல்லண்ணே.”

“அப்ப அத எழுதுனது யாரு?”

ஒரு வரி எப்படிக் காணாமல் போகும் என்பதே அவள் மண்டையைக் குடைந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேரே பாளையங்கோட்டைக்குப் போனாள். வாசகியைச் செய்தவர்களின் ஆபீஸ் அங்கே ஒரு மாடியில் இருந்தது. இன்ஜினியர் ஆவுடையப்பன் முப்பது வயசுக்காரன். முபீனாவைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பெருமை பேசுகிறவன். அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காரல. மொதல்ல இதைக் கேளுங்க.” அவள் தீர்ப்பின் நகலை வாசகியின் முன்னால் நீட்டினாள். அது பதினேழாவது பத்தியை வாசித்தது. ‘ம்’ என்றது. எண்ணைச் சொல்லாமலே பத்தொன்பதுக்குப் போய்விட்டது.

ஆவுடையப்பன் சிரித்தான். “கோளாறா இருக்கும் மேடம். குடுங்க.” தன் சட்டையிலிருந்த வாசகியிடம் அதே தாளைக் காட்டினான். அது பதினெட்டாவது பத்தியை ஒரு சொல் விடாமல் வாசித்தது. ‘தனக்கே பாரம்’ என்று முடித்தது. ‘ம்’ எல்லாம் இல்லை.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

“உங்க பேர்ல பதிஞ்சது, பார்வை இல்லாதவங்கன்னு இருக்கு,” என்றான், கம்ப்யூட்டரில் அவள் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு. “என்னோடது அப்படி இல்ல. யாரு கேக்காங்கன்னு பாத்து வாசிக்குது மேடம். நாங்க சோதிச்சதெல்லாம் எங்க கண்ணு முன்னால. எங்ககிட்ட அது எதையும் விட்டதே இல்ல.”

“எங்ககிட்ட மட்டும் ஏன் விடுது? யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லிக் குடுக்கல. அதுவாக் கத்துக்கிச்சு.” அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “பார்வையில்லாத பிள்ளைங்களுக்காகப் பல பேரு புத்தகம் வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுத்திருக்காங்கல்லா? அம்மாமாரு, வாத்தியாருங்க, காலேஜ் பிள்ளைங்க. அந்தப் பதிவையும் புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் வாசகிக்குப் பழக்கினோம். புத்தகத்துல ஒரு வரி இருக்கு, குரல்ல அது இல்லன்னா, அது தப்புன்னு எடுத்துக்கல. அதுதான் நல்ல வாசிப்புன்னு எடுத்துக்கிச்சு.”

“அப்போ அவங்கல்லாம் விட்டிருக்காங்க.”

“ஆமா மேடம். மனசு கேக்காம விட்டிருக்காங்க. நம்ம எதிர்ல ஒரு பிள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கும்போது ‘குருட்டுப் பயலே’ன்னு எப்படி வாசிக்கது? தாண்டிப் போயிருக்காங்க.”

வாசகி தாண்டிய வரிகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டித் தரமுடியுமா என்று கேட்டாள். முடியும் என்றான். தாண்டத் தெரிந்த மிஷினுக்குத் தாண்டிய இடமும் தெரியும். முதல் சில வரிகளை அங்கேயே ஓடவிட்டான். வசவுகள் வந்தன. கோயில் வாசலில் தட்டேந்தும் கபோதிகள் வந்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஓர் ஆற்றின் மேல் நிலா எழும்புகிறது, அது விட்டுப்போயிருந்தது. கல்யாணப் பெண் கண்ணாடி முன்னால் நிற்கிறாள், அது விட்டுப்போயிருந்தது. பிள்ளை முதன்முதலாகத் தாய் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, அதையும் காணோம்.

இத்தனை வருஷமாகத் தான் படித்த புத்தகங்களில் நிலாவே ஏன் இவ்வளவு குறைவு என்று முபீனா ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினான். “இன்னொன்னு சொல்லணும். எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் விட்டிருக்காங்க. ஆனா மத்தவங்க தடுமாறிட்டாங்க, மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தங்க மட்டும் தச்ச தையல் தெரியாத மாதிரி விட்டிருக்காங்க. சட்டப் புத்தகம் பூரா அவங்க குரல்தான், கதைப் புத்தகமும் நெறைய இருக்கு. வாசகி அவங்ககிட்டதான் கத்துக்கிட்டிருக்கு. பேரு தெரியல, ஒலிநூலகத்துல இருந்து வந்த பதிவு. சத்தத்தைச் சுத்தம் பண்ணாத பழைய பதிவைப் போடுதேன், கேளுங்க.”

போட்டான். குரல் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. கறுக், கறுக். பீடி இலையைக் கத்தரிக்கோல் வெட்டுகிற சத்தம்.

முபீனா அப்போதுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

ஹமீதா அவளுடைய லாத்தா. பத்து வயசு மூத்த அக்கா. உம்மா போன பிறகு முபீனாவை வளர்த்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடி சுற்ற உட்கார்ந்தவள். தங்கச்சி சட்டக் கல்லூரிக்குப் போகிறேன் என்றதும், “புத்தகம் வாசிக்க ஆள் இல்லன்னுதான பாக்க? நான் வாசிக்கேன்,” என்று சொன்ன பொம்பளை. சொன்னதோடு நின்றாளா? ஒரு சாய்வுப் பலகையில் புத்தகத்தைத் தூக்கி நிறுத்தி, மடியில் பீடித் தட்டு, பக்கத்தில் போனில் பதிவு. கண் புத்தகத்தில், கை இலையில். வாயில் நுழையாத சட்டச் சொற்களை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து, கடைசி வருஷத்தில் எந்த வக்கீலும் தோற்றுப்போகும்படி உருட்டிவிட்டாள். சுற்றிய பீடி எண்ணிக்கையும் குறையவில்லை. முபீனா படித்து முடித்ததும் அந்தப் பதிவுகளை மற்ற பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று ஒலிநூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேட்டால், இருந்தாள், மேலப்பாளையத்தில்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதும் அதே கறுக், கறுக். உலகம் எங்கேயோ போய்விட்டது, பீடி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

“என்னட்டி இவ்வளவு நேரம்? பல்பை மாத்தணும் பாத்துக்கோ. வீட்டுல ஒரே மங்கலா இருக்கு.”

“லாத்தா, எனக்கு வாசிக்கும்போது நீ எதையாவது விட்டிருக்கியா?”

கத்தரிச் சத்தம் நின்றது. “யாரு சொன்னா?”

“மிஷின் சொல்லிச்சு.”

“நல்லாத்தான் இருக்கு. மிஷினுக்கா நான் வாசிச்சேன்? உனக்குல்லா வாசிச்சேன்.”

“நீ விட்டதை அதுவும் விட்டிருக்கு. அதனால இன்னைக்குக் கோர்ட்டுல மூக்கறுபட்டு நின்னேன். எனக்கு ஒண்ணும் இல்ல, ஒரு மனுஷன் பொழப்பு லாத்தா! எதிராளி என்ன சொல்லுவான்னே தெரியாம எப்படி வாதாடுவேன்? அவன் கையில கத்தி இருக்குன்னு நீயாவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?”

ஹமீதா தட்டை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. குரல் உடைந்துதான் வந்தது. “காலேஜுக்குப் போனாலும் நீ எனக்குச் சின்னப் பிள்ளட்டி. சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு, நான் வாசிக்கதக் கேட்டுக்கிட்டே உண்ண மறந்து உக்காந்திருப்ப. அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு, கண்ணில்லாதவன் பூமிக்குப் பாரம்னு என்னால வாசிக்க முடியல. நாக்கு வரல. ‘ம்’ன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிருவேன்.”

“சரி, வசவை விட்ட. நிலாவ ஏன் விட்ட?”

“நீ ஏங்கிருவியோன்னு பயந்தேன்.”

“ஏங்கினா ஏங்கிட்டுப் போறேன் லாத்தா. அந்த ஏக்கமும் எனக்கு உள்ளதுதான? அதையும் ஏன் எடுத்து வச்சுக்கிட்ட?”

ஹமீதா அழுதாள். முபீனாவும் அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் சாயா போட்டுக் குடித்தார்கள். திட்டுவதற்கு முபீனாவுக்கு இன்னும் நிறைய இருந்தது, ஆனால் அந்தப் பதிவுகளில் இருந்த தூக்கக் கலக்கமும் இருமலும் ஞாபகத்துக்கு வந்து வாயை அடைத்துவிட்டன.

மறுநாள் முழுக்க அவள் விட்டுப்போன வரிகளைக் கேட்டாள். மூன்று மடங்கு வேகத்தில் இல்லை, மனுஷர் பேசுகிற வேகத்தில். சில இடங்களில் நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். கண் தெரியாதவர்களைப் பற்றி உலகம் இவ்வளவு பேசியிருக்கிறதா, அதுவும் இப்படியா என்று வயிறு எரிந்தது. ஆனால் விடவில்லை, கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் அந்த ‘தனக்கே பாரம்’ மறுபடி வந்தது. இதைத்தான் கேட்டாயிற்றே என்று தள்ளப் போனவள் கையை நிறுத்தினாள். இது வேறு தீர்ப்பு. பல வருஷம் பிந்தி, அதிக நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னது.

இந்தத் தீர்ப்பை அவள் முன்பே படித்திருக்கிறாள். ஏதோ பென்ஷன் தேதித் தகராறு என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறாள். விட்டுப்போன பத்தி இப்போதுதான் காதில் விழுந்தது. ‘இரு கண்களையும் இழந்தவன் தனக்கே பாரம் என்று முன்பு இந்த நீதிமன்றம் கூறியதை வெட்கத்தோடு திரும்பப் பெறுகிறோம். அந்தச் சொற்கள் இனி எந்த வழக்கிலும் எடுத்தாளப்படக் கூடாது.’

அந்த வசவு அதற்குள் இருந்ததால் வாசகி அந்தப் பத்தியையே தாண்டியிருக்கிறது. காயத்தை மறைக்கப் போய் மருந்தையும் சேர்த்து மறைத்துவிட்டது. முபீனா உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தாள். “என்னட்டி, பைத்தியம் புடிச்சிருச்சா?” என்று உள்ளிருந்து கேட்டாள் ஹமீதா.

வாய்தா அன்று முபீனா எழுந்து, சங்கரபாண்டியன் வாசித்த வரியைத் தன் வாயாலேயே முதலில் சொன்னாள். ஒரு சொல் விடாமல், குரல் நடுங்காமல் சொன்னாள். கோர்ட்டில் இருந்தவர்கள்தான் நெளிந்தார்கள். பிறகு அந்த வரியைத் தூக்கி எறிந்த தீர்ப்பைச் சொன்னாள். சங்கரபாண்டியன் நகலை வாங்கிப் பார்த்தார், இரண்டாம் தடவையும் பார்த்தார், மூடி வைத்தார். “என்கிட்ட பதில் இல்லை. மேடத்துக்கு என் வணக்கம்,” என்றார். நல்ல மனுஷன்தான். மாசானத்துக்கு அந்த வாரமே நூல் கட்ட உத்தரவு ஆயிற்று.

ஆவுடையப்பன் வாசகியைத் திருத்தினான். சில பெற்றோர் ஆபீஸுக்கு வந்து சண்டை போட்டார்கள். பிள்ளைகள் மனசு நோகாதா என்று கேட்டார்கள். முபீனா ஒரே பதில்தான் சொன்னாள்: “நோகத்தான் செய்யும். அந்த நோவை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க வரியை மட்டும் குடுங்க.” அந்த ‘ம்’மையாவது விட்டுவைக்கட்டுமா என்று ஆவுடையப்பன் கேட்டான். வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அது இல்லாத வாசகி அவளுக்குக் கொஞ்ச நாள் யாரோ அந்நியப் பெண் போலத்தான் இருந்தது.

பல்பை மாற்றியும் வீடு ஹமீதாவுக்கு மங்கலாகவே இருந்தது. பிறகு இன்னும் மங்கியது. இரண்டு கண்ணிலும் சர்க்கரை இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் நோயின் பெயரையும் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லி, மேற்கொண்டு பார்க்கலாம் என்று மழுப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கட்டம் என்றால் என்ன என்று ஹமீதாவுக்குத் தெரிந்தாக வேண்டும். முபீனா வாசகியை எடுத்து அவள் கழுத்தருகே குத்தப் போனாள்.

“தூரப் போடு அத. என் குரலையே களவாண்ட கழுத, எனக்கே வாசிக்கவா? நீ வாசி.”

சர்க்கரை நோயும் கண்ணும் பற்றிய பிரெயில் புத்தகம் ஒன்று முபீனாவின் அலமாரியில் இருந்தது. மடியில் விரித்து, விரலை ஓட்டி வாசித்தாள். பகல் வெளிச்சம் இருந்தது, யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஹமீதா எதிரே பீடித் தட்டோடு உட்கார்ந்து, இலையைத் தடவித் தடவி வெட்டினாள். கறுக், கறுக். முபீனாவின் விரல் அந்தக் கட்டத்தின் பெயரைத் தொட்டது. அடுத்த வரிக்குப் போனது. நின்றது.

“ம்,” என்றாள் முபீனா. “உணவுக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்து கடைப்பிடிக்க…”

கத்தரிச் சத்தம் நின்றது.

“ஏட்டி,” என்றாள் ஹமீதா. “யாருகிட்ட? அந்த ‘ம்’ நான் போட்ட ‘ம்’. விட்டத வாசி.”

லாத்தா அன்று எப்படி நாக்கு வராமல் உட்கார்ந்திருப்பாள் என்று இப்போதுதான் முபீனாவுக்கு முழுசாக விளங்கியது. விரலைப் பின்னால் இழுத்து அந்த வரியின் தொடக்கத்தில் வைத்தாள்.

“‘இக்கட்டத்தை அடைந்த கண்ணில் இழந்த பார்வை திரும்புவதில்லை.’”

தெருவில் ஒரு பால் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

“அவ்வளவுதானா?” என்றாள் ஹமீதா. “அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு?”

“இருக்கு லாத்தா. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.”

“அப்ப மேல வாசி. ஒண்ணையும் விடாத.”

கறுக், கறுக் என்று இலை வெட்டுப்படத் தொடங்கிய பிறகுதான் முபீனா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.